பஸ் ஜன்னல் வைத்த குளியலறை

ஆயர் தாவார்
6.8.1978

சீனி மச்சானுக்கு வீரம்மா எழுதுவது.

பேசி முடித்த பெண் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதலாமா என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் ஒன்றும் நேற்று முளைத்த மாப்பிள்ளை இல்லை, என் அத்தை மகன். தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்து என் ரிப்பனை அவிழ்த்துவிட்டு ஓடினவர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐயாவு அண்ணனோடு சிலிபினுக்கு உங்கள் வீடு பார்க்க வந்தேனே, வீடு எனக்குப் பிடித்தது. வாசலுக்கு எதிரே பஸ் நிற்கிறது, பசார் கூப்பிடு தூரம். உங்கள் அப்பா, சன்னாசி மாமாவும் முகம் கோணாமல் பேசினார். எல்லாம் சரி. அப்புறம்தான் பின்பக்கம் போக வேண்டியதாயிற்று. உங்கள் தம்பி பிச்சைமுத்து வழியைக் காட்டிவிட்டு, "அண்ணி, உள்ள போனா பாடணும், நிறுத்தக் கூடாது" என்றார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். உள்ளே போனதும் விளங்கியது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஆள் இருப்பதற்குப் பாட்டுத்தான் அடையாளம். அத்தை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் மூன்று ஆம்பிளைகளும் பாடிப் பாடியே குளித்துக் காலத்தை ஓட்டியிருக்கிறீர்கள்.

எனக்கு எந்தப் பாட்டும் வாயில் வரவில்லை. ஒரு காலால் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூரை பாதிதான் இருக்கிறது. அடுத்த வீட்டு ரம்புத்தான் மரத்தில் எவனாவது ஏறினால் தீர்ந்தது. தொட்டிச் சுவர் முழுக்கப் பாசி. கொசுப் புழுவைத் தின்ன விட்ட மீனாம், அதுவும் தண்ணீருக்குள்ளிருந்து என்னையே பார்த்தது.

மச்சான், இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் பிறந்ததிலிருந்து லயத்துக் குழாயடியில்தான் குளிக்கிறேன். மாரில் கைலியை முடிந்துகொண்டு, மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று. வேலை மேய்க்கிற மண்டோர் சைக்கிளில் வந்தால் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொள்வோம். கைலிக்கு மேலேயே சோப்பு, கைலிக்கு மேலேயே தண்ணீர். ஒரு கதவைச் சாத்திக்கொண்டு, மேலே துணியில்லாமல், அவசரமில்லாமல் நான் ஒரு நாள்கூடக் குளித்ததில்லை. வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள் ஆயாக் கொட்டகையில் விட்டுப்போகிற அத்தனை பிள்ளைகளையும் தினமும் குளிப்பாட்டுகிறேன். அந்தப் பொடிசுகளுக்கு இருக்கிற கொடுப்பினை எனக்கு இல்லை.

கல்யாணம் ஆனால் அது கிடைத்துவிடும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், சேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தை மாதத்துக்குள் உள்ளே தாழ்ப்பாள் போட்ட, கூரை மூடிய குளியலறை எனக்கு வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று அண்ணனிடம் நானே சொல்லிவிடுவேன். இப்போதைக்கு அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் கொழுப்பு என்பார். பதிலை ஆயாக் கொட்டகை முகவரிக்கு எழுதுங்கள்.

வீரம்மா


சிலிபின், ஈப்போ
14.8.1978

வீரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்று படித்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. கோபம்தான், மறைக்க மாட்டேன். அந்தக் குளியலறை, அப்பா சுங்காய்த் தோட்டத்தை விட்டு இங்கே வந்ததும் தன் கையால் கட்டியது. வீட்டுக்குச் சொந்தக்காரனாகி அவர் கட்டிய முதல் சுவர். அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்க இவள் யார் என்று பசியாறப் போகிற வரைக்கும் பொருமிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் உள்ளே நின்று பார்த்தேன். நீ செய்த மாதிரியே ஒரு காலால் கதவை உதைத்துப் பிடித்தேன். கதவு வழுக்கியது, காலும் வழுக்கியது. பிச்சை வெளியிலிருந்து, "என்ன அண்ணே, பாட்டக் காணோம்?" என்று கத்தினான். எனக்கு மானமே போய்விட்டது. உன்னை அங்கே நிற்க வைத்தோமே என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, செய்கிறேன். ஆனால் ஏதோ செய்தோம் என்று செய்ய மாட்டேன். எங்கள் பட்டறை முதலாளி தவ்கேயின் மகன் கல்யாண விருந்து ஈப்போவில் பெரிய ஹோட்டலில் நடந்தது. கை கழுவ உள்ளே போனவன் வெளியே வர மனமில்லாமல் நின்றேன். அந்த மாதிரி செய்வேன். கையில் காசு இல்லை என்பது உனக்கும் தெரியும். மண்டபமும் தாலியும் போனால் மிஞ்சுவது சொற்பம். அதனால் என்ன? நான் பஸ்ஸுக்கு உடம்பு கட்டுகிறவன். பழைய பஸ் வந்தால் தோலை உரித்துவிட்டுப் புதிது போடுகிறோம். உரித்த ஜன்னல், கம்பி, அலுமினியத் தகடு எல்லாம் பட்டறைக் கொல்லையில் மலையாகக் கிடக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொள் என்று தவ்கே சொல்லிவிட்டார். ஒரு பஸ் நிறைய சனம் மழையில் நனையாமல் கோலாலம்பூர் வரைக்கும் போகிறதென்றால், ஒரு வீரம்மா உள்ளே நின்று நிம்மதியாகக் குளிக்க முடியாதா?

அப்பாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். தொட்டியை உடைத்தால் மீன் எங்கே போகும் என்று கேட்கிறார். உனக்கு வேறு என்னென்ன வேண்டும் என்று உடனே எழுது.

சீனி


ஆயர் தாவார்
27.8.1978

மச்சானுக்கு,

பதில் வராது, வந்தாலும் திட்டித்தான் வரும் என்று நினைத்திருந்தேன். தோட்டத்து ஆபீஸ் கிராணி கடிதத்தைக் கொடுத்ததும் தொட்டிலாட்டுவதை விட்டுவிட்டுப் படித்தேன். பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

என்ன வேண்டும் என்றா கேட்டீர்கள்? கேட்டது உங்கள் தப்பு. துணி நனையாமல் மாட்ட உயரத்தில் ஒரு கொக்கி. சோப்பு வைக்கச் சுவரிலேயே ஒரு மாடம், தரையில் வைத்து வைத்து எத்தனை சோப்பு சாக்கடைக்குப் போயிருக்கிறது. கால் தேய்க்க ஒரு கல். என் உயரத்துக்கு ஒரு கண்ணாடி, உங்கள் உயரத்துக்கு இல்லை. வெளிச்சம் வர வேண்டும், கண் வரக் கூடாது. பச்சை நிறம் மட்டும் வேண்டாம். தோட்டத்துச் செம்பனை மரங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது. தரை வழுக்கக் கூடாது, மாமாவுக்கும் வயதாகிறது.

நேற்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கின பிறகு கொட்டகைத் தரையில் அடுப்புக்கரியால் உங்கள் குளியலறையைக் கோடு போட்டேன். இங்கே கதவு, இங்கே கொக்கி, இங்கே நான். நடுவில் நின்றும் பார்த்தேன். அப்புறம் எழுந்த பிள்ளை ஒன்று தவழ்ந்து வந்து உள்ளேயே போய்விட்டது. அதற்குத்தான் வெட்கம் கிடையாதே.

மாமாவிடம் சொல்லுங்கள், மீனுக்கு நான் வந்து இடம் பார்த்துக் கொடுக்கிறேன்.

வீரம்மா


சிலிபின்
24.9.1978

வீரம்மாவுக்கு,

கையெல்லாம் சிமெண்டு, அதனால் எழுத்து இப்படி. பழைய தொட்டியை உடைத்தாயிற்று. முதல் சம்மட்டி அடியை அப்பாவே போட்டார். வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடித்துவிட்டு, வேலிப்பக்கம் போய் நின்றுகொண்டார். மீன் இப்போது ஊறுகாய்ச் சாடியில் இருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேள். கூரை முழுக்க மூடியாயிற்று. சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் பஸ் ஜன்னல் ஒன்றைப் பதித்திருக்கிறேன். இரண்டு கண்ணாடி, ஒன்றை இழுத்தால் ஒன்றின் மேல் ஓடும். காற்று வேண்டுமென்றால் திற, மழை வந்தால் மூடு. வெளிச்சம் தாராளமாக விழுகிறது. ரம்புத்தான் மரத்தில் பிச்சையை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் பழத்தோடு இறங்கினான்.

கதவு பஸ் தரைக்குப் போடுகிற கோடு விழுந்த அலுமினியத் தகட்டில் செய்தது. தண்ணீரில் ஊறாது, கறையான் தொடாது. தாழ்ப்பாள் கடையில் வாங்கவில்லை. நானே அடித்து, நானே பற்ற வைத்தேன். போட்டால் யானை இடித்தாலும் திறக்காது. துவாலை போட பஸ்ஸில் நின்று பிடிக்கிற கம்பி. தரைக்குச் சிவப்புச் சிமெண்டு, வழுக்காமலிருக்க ஈரத்திலேயே துடைப்பத்தால் கோடு இழுத்துவிட்டேன்.

தண்ணீர்தான் உச்சம். கூரை மேல் ஒரு எண்ணெய்ப் பீப்பாயைக் கழுவி, கருப்புச் சாயம் அடித்து ஏற்றியிருக்கிறேன். வெயில் பட்டால் சுடுதண்ணீர். கீழே குழாய், குழாய் முனையில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளியின் தலை. திறந்தால் மழை மாதிரி பெய்கிறது. பிச்சை மூன்று வேளையும் குளிக்கிறான். பஸ் மணியையும் மாட்டலாம், உள்ளே அழுத்தினால் துவாலை வரும் என்கிறான். நான் வேண்டாமென்றேன், மணி அடித்தால் அப்பா உள்ளே இருக்கிற ஆளை இறங்கச் சொல்வார்.

சுவர்தான் பாக்கி. பழைய சாமான் விற்கிற லோரிக்காரர் ஒருவர் பூப்போட்ட டைல் வைத்திருக்கிறார். பெரிய சீனர் மாளிகைகளில் பதிக்கிற மாதிரி அந்தக் காலத்துச் சாமான். விலை கொள்ளை மலிவு. ஒன்றை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பிடித்திருந்தால் சொல், உடனே வாங்கிவிடுகிறேன்.

சீனி


ஆயர் தாவார்
8.10.1978

மச்சான்,

வாங்குங்கள். இன்றைக்கே வாங்குங்கள். வேறு யாராவது கொண்டுபோய்விடப் போகிறார்கள்.

கண்டக்டர் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பிரித்ததும் கண்ணை எடுக்க முடியவில்லை. ரோஜா நிறத்தில் பூ, தொட்டால் இதழ் விரலில் தட்டுப்படுகிறது. இதுவா சுவர் முழுக்க வரப்போகிறது? லயத்தில் எல்லோரிடமும் காட்டிவிட்டேன். அண்ணனிடம்கூட. வீட்டுக்கு ஏதோ வேலை செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தரமான சாமான்லா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

வைக்க இடம் தெரியாமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விளக்கேற்றினால் பூ பளபளக்கிறது. தை மாதம் எப்போது வரும் என்று இப்போதுதான் நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

வீரம்மா


சிலிபின்
12.11.1978

என் வீரம்மாவுக்கு,

முடிந்தது. மூன்று சுவரும் பூ. பட்டறை முடிந்து வந்து தினமும் பதித்தேன், தீபாவளி லீவையும் அதற்கே கொடுத்தேன். உன் சோப்பு மாடத்துக்குள்ளும் ஒரு பூ வைத்திருக்கிறேன். காலை வெயில் பஸ் ஜன்னல் வழியாக வந்து சுவரில் விழும்போது பார்க்க வேண்டும், ராஜா வீடு தோற்றுப் போகும். அண்டை அயலார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்பா இத்தனை நாள் சாடையாகத் திட்டிக்கொண்டிருந்தவர், நேற்று உள்ளே போய் ஒரு மணி நேரம் வரவில்லை. வெளியே வந்து, "சுடுதண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அது போதும் எனக்கு.

இனி உன் அண்ணனிடம் நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தைக்குத் தயார்.

சீனி


ஆயர் தாவார்
13.11.1978

மச்சானுக்கு,

இந்தக் கடிதம் கிடைத்ததும் வேலையை நிறுத்துங்கள். சுவரில் எதுவும் பதிக்காதீர்கள்.

இன்று காலை லயத்துச் சீனர் கடைத் தவ்கேயின் மனைவி, பாக்கி வைத்த பால் டின்னைக் கொடுக்க எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். சாமி மேடையைப் பார்த்தவர் அப்படியே இரண்டடி பின்னால் போனார். "வீரம்மா, அது செத்த ஆள் சாமான். சாமிகிட்ட ஏன் வச்சே?" என்றார். அவர் மாமியார் கல்லறையில் இதே பூ, இதே நிறம், தலைமாட்டில் வரிசையாக இருக்கிறதாம். சீனர்கள் வீட்டிலும் இதைப் பதிப்பார்கள், கல்லறையிலும் பதிப்பார்கள் என்றார். எங்கேயிருந்து வந்ததென்று கேட்காமல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வாசல் தாண்டாமலே போய்விட்டார்.

ஒருவேளை வீட்டுச் சாமானாகவே இருக்கலாம். லோரிக்காரரைப் பிடித்து உண்மையைக் கேளுங்கள். அந்த டைலை எடுத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அண்ணன் வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போயிருந்தார், அவருக்கு இன்னும் தெரியாது.

வீரம்மா


சிலிபின்
20.11.1978

வீரம்மாவுக்கு,

நம் இரண்டு கடிதமும் வழியில் எதிரெதிராகப் போயிருக்கின்றன. உன்னுடையது வந்தபோது பிச்சை உள்ளே குளித்துக்கொண்டிருந்தான்.

லோரிக்காரரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒளிக்கவே இல்லை. ரோடு போடப் பழைய இடுகாட்டை எடுத்துவிட்டார்களாம். குடும்பத்துக்காரர்கள் எலும்பை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் புது இடத்துக்குப் போய்விட்டார்களாம். கல்லும் டைலும் கிடந்ததாம், ஏற்றிக்கொண்டு வந்தாராம். நன்றாகக் கழுவித்தானே கொடுத்தேன், உனக்கு என்ன பயம் என்று என்னையே கேட்டார். ஒரு சீனக் கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தால் பார்த்த உடனே சொல்லியிருப்பார். கூலியை மிச்சம் பிடிக்கிறேன் என்று நானே பதித்தேன். மாளிகைச் சாமான் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். செருப்பால் அடித்த மாதிரி இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. குளியலறைப் பக்கமே போகாமல், பைப்படியில் வாளியை வைத்துக்கொண்டு குளிக்கிறார்.

வீரம்மா, ஒன்று கேட்கிறேன். உன் அண்ணனுக்குச் சொல்லாதே. கல்யாண வீட்டில் இடுகாட்டுச் சாமான் என்று தெரிந்தால் அவர் சம்மதிக்க மாட்டார், உங்கள் சனம் ஒருத்தரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். சுவரின் மேல் சிமெண்டைப் பூசி, வெள்ளையடித்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. உடைத்து எடுத்து மறுபடி செய்ய நாளும் இல்லை, கையில் எதுவும் இல்லை. நீ இல்லாமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை.

சீனி


ஆயர் தாவார்
27.11.1978

மச்சானுக்கு,

பயப்படுகிறீர்கள் என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கியது. ஆனால் வெள்ளையடிக்கிற பேச்சை அத்தோடு விடுங்கள். மூடி மறைத்த சுவருக்கு நடுவில் நின்று நான் துணியை அவிழ்க்க மாட்டேன். எனக்குப் பேய் பயம் இல்லை. யாரோ ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ அவர்கள் பிள்ளைகள் கடை கடையாக ஏறி இறங்கி, இந்தப் பூதான் வேண்டுமென்று பார்த்து வாங்கி வைத்திருப்பார்கள். அது எனக்கு வாங்கின பூ இல்லை. அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பெயர்த்து எடுங்கள். முழுசாக வருவதை முழுசாக, உடைந்ததை உடைந்ததாக. அந்த மலையடிவாரத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். என்னிடம் இருக்கிற ஒன்றையும் கண்டக்டரிடம் அனுப்புகிறேன், அதையும் சேர்த்துவிடுங்கள். சுவர் வெறும் சிமெண்டாக இருந்தால் என்ன, தாழ்ப்பாள் இருக்கிறதல்லவா?

அண்ணனிடம் நான் சொல்லிவிட்டேன். முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும். கைலி விஷயத்தையும் சொன்னேன். அதைச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார், மண்ணெண்ணெய் விளக்கைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தார். பிறகு கோபம் வந்துவிட்டது. "பொணத்து வீட்டு ஓடு பதிச்ச எடத்துக்கு எந்தங்கச்சிய அனுப்ப மாட்டேன்" என்று லயமே கேட்கக் கத்தினார். இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மாமாவைப் பார்த்து முறித்துக்கொண்டு வரப்போகிறாராம்.

தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவர் வருவதற்குள் சுவரைச் சுத்தம் செய்யுங்கள். நான் மாற மாட்டேன். நீங்களும் மாறாதீர்கள்.

வீரம்மா


சிலிபின்
4.12.1978

வீரம்மாவுக்கு,

மூச்சு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமே.

உன் கடிதம் வந்த அன்றே உளியை எடுத்தேன். பிச்சையும் நானும் ராப்பகலாகப் பெயர்த்தோம். பாதிக்கு மேல் முழுசாகவே வந்தன. பட்டறை லோரியைக் கடன் வாங்கி, சனிக்கிழமை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே காவலுக்கு இருந்த கிழவர் டைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு மூலையைக் காட்டினார். அடுக்கி முடித்ததும் உடைந்த துண்டுகளை மட்டும் தானே கையால் தள்ளி ஒன்று சேர்த்தார். பிச்சை மட்டும் யாருக்கென்று தெரியாமல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடிவந்து லோரியில் ஏறிக்கொண்டான்.

மறுநாள் காலையிலேயே உன் அண்ணன் வந்துவிட்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அப்பா வெளியே வந்தார். உன் அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். ஆயர் தாவாரிலிருந்து வருகிற வழியில் பஸ் எங்கேயும் நிற்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "மொதல்ல பின்பக்கம் போவணும்" என்றார்.

போனார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் முற்றத்தில் நின்றோம். நேரம் போனது. ஜன்னல் ஓடுகிற சத்தம், திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை. பிறகு தண்ணீர் விழுகிற சத்தம். அப்பா என்னைப் பார்த்தார். வம்பு பேச வந்த மனிதர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்.

தலை ஈரத்தோடு வெளியே வந்து, என் துவாலையாலேயே துவட்டிக்கொண்டு நின்றார். சுவர் ஏன் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம் என்றேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், உளி பட்ட காயம் ஆறியிருக்கவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "எங்க லயத்து வீடு தோட்டத்துதுங்க மாமா. ஒரு ஆணி அடிக்கக்கூட கிராணிகிட்ட கேக்கணும். நான் நெனச்சாலும் எந்தங்கச்சிக்கு இப்படி ஒண்ணு கட்டிக் குடுத்திருக்க முடியாது."

அப்பா அவர் தோளைத் தொட்டார். முறிக்கிற பேச்சு அதோடு போயிற்று. எனக்கு ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிச்சைதான் அகப்பட்டான்.

இன்னும் கேள். சுவரை இப்படியே விட்டால் பார்க்கச் சகிக்காது என்று ஆரம்பித்தவர் உன் அண்ணன்தான். ஈப்போ மலையில் சலவைக்கல் அறுக்கிறார்களே, அங்கே அறுத்தது போக மிஞ்சிய துண்டும் துணுக்கும் வேலியோரம் கொட்டிக் கிடக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது பார்த்தாராம். மத்தியானமே போய்க் கேட்டோம். அள்ளிக்கொண்டு போனால் எங்களுக்கு இடம் மிச்சம் என்றார்கள். யார் கல், எங்கேயிருந்து வந்தது என்று இந்தத் தடவை இரண்டு முறை கேட்டேன். வெள்ளை, சாம்பல், ஒன்றிரண்டில் ரோஜா நிறத்தில் நரம்பு. ஒன்றுகூட ஒரே அளவில் இல்லை. உன் அண்ணன் தரையில் பரப்பி, எது எதோடு சேரும் என்று பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார், நான் பதித்தேன். கடைசி பஸ்ஸில்தான் போனார். அடுத்த ஞாயிறும் வருவாராம். பச்சைக் கல் ஒன்று கிடைத்தது, வேண்டாமென்று ஒதுக்கிவிட்டேன்.

சீனி


ஆயர் தாவார்
7.1.1979

மச்சானுக்கு,

அண்ணன் தொல்லை தாங்கவில்லை. குழாயடியில் நின்று லயத்துக்கே உங்கள் குளியலறையை விளக்குகிறார். ஜன்னல் எப்படி ஓடும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுகிறார். மூன்று ஞாயிறு கல் பொறுக்கியவர் இப்போது என்னைவிடப் பெரிய சொந்தக்காரர். கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தாலி பார்க்க வரவில்லை, பஸ் ஜன்னல் பார்க்கத்தான் வருகிறார்கள். வரிசையில் நிற்க வைத்து டிக்கெட் கிழித்துக் கொடுக்கப் பிச்சைமுத்துவிடம் சொல்லி வையுங்கள்.

எனக்கு இந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

வீரம்மா


சிலிபின்
11.3.1979

மச்சானுக்கு,

கல்யாணம் முடிந்த கையோடு உங்களைக் கோலாலம்பூர்ப் பட்டறைக்கு அனுப்பிவிட்டாரே உங்கள் தவ்கே, அவரை நான் நன்றாகத் திட்டினேன் என்று சொல்லுங்கள். மாமாவும் பிச்சையும் சௌக்கியம். கல்யாண வாரத்தில் குளியலறையை நான் எங்கே கண்டேன், சனம் விட்டால்தானே. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பின பிறகுதான் எனக்கு முறை வந்தது.

யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். முதல் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். இழுத்தும் பார்த்தேன். எத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆனால் என் கை தானாகப் போய்க் கைலியை மாரில் முடிந்துவிட்டது. அவிழ்க்க முடியவில்லை மச்சான். கைலிக்கு மேலேயே சோப்புப் போட்டு, மளமளவென்று ஊற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாளும், அப்புறம் வந்த நாட்களிலும் அப்படியேதான். யாரோ பின்னால் வரிசையில் நிற்கிற மாதிரியே இருந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டினாரே, நான் இப்படி ஆகிவிட்டேனே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இன்று மத்தியானம் மறுபடி போனேன். நல்ல வெயில், பீப்பாய்த் தண்ணீர் இதமாக இருந்தது. கைலியோடுதான் நின்றேன். அப்புறம், எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, முடிச்சை அவிழ்த்துக் கம்பியில் போட்டேன். தண்ணீர் முதுகில் நேராக விழுந்தது. துணி இல்லாமல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வயதில் இன்றைக்குத்தான் தெரியும். சிரித்தேன், கொஞ்சம் அழுதேன், மறுபடி சிரித்தேன். குளித்து முடித்தும் வெளியே வரவில்லை. சும்மா நின்றேன்.

நேரமாகிறதே, பெண்ணுக்கு என்னவோ ஏதோ என்று மாமா பயந்துவிட்டார் போலிருக்கிறது. கதவைத் தட்டி, "என்னம்மா, ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒருத்தரைக் காக்க வைத்தேன்.

"ஒண்ணும் இல்ல மாமா," என்றேன். "குளிச்சிக்கிட்டு இருக்கேன், இருங்கலா."

வீரம்மா